இறக்கை ஒரு வெள்ளி. உடம்பு ஒரு வெள்ளி!

பிளாஸ்டிக் விமானத்தை உலோகமாகக் காட்டும் வித்தை

சமையல் அறைக்குப் போங்கள். ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வையுங்கள். அதன் பக்கத்தில் ஓர் அலுமினியக் குண்டானை வையுங்கள். வீட்டில் வெள்ளிக் கிண்ணம் இருந்தால் அதையும் கொண்டு வந்து வையுங்கள்.

மூன்றும் வெள்ளை நிற உலோகங்கள்தான். ஆனால் மூன்றும் ஒன்று போலவா மின்னுகின்றன? இல்லை! எவர்சில்வரின் பளபளப்பு வேறு. அலுமினியத்தின் மங்கல் வேறு. வெள்ளியின் குளிர்ச்சி வேறு. தொட்டுப் பார்க்காமலே சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

குழந்தைக்குக்கூடத் தெரிகிற இந்த வித்தியாசம்தான், பிளாஸ்டிக்கில் மாதிரி விமானம் செய்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி!

ஒரு மாத உழைப்பு

மாதிரி விமானம் என்பது உருட்டி விளையாடும் பொம்மை அல்ல. அசல் விமானத்தை அளந்து, அதே வடிவத்தில் சுருக்கிச் செய்வது. 48-ல் ஒரு பங்கு, 72-ல் ஒரு பங்கு என்று கணக்கு உண்டு. 37 அடி அகலமுள்ள விமானம், 48-ல் ஒரு பங்காகச் சுருங்கினால் 9 அங்குலத்துக்குச் சற்று அதிகம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து நீட்டினால் அதில் உட்காரும்.

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானின் டமியா போன்ற கம்பெனிகள் இந்தப் பெட்டிகளை விற்கின்றன. பெட்டியைத் திறந்தால், சிறிய பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்தபடி இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். ஒட்ட வேண்டும். தேய்க்க வேண்டும். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்து செய்தால், ஒரு மாதம் ஓடிவிடும்.

வர்ணம் பூசுவது கடைசிக் கட்டம். பச்சை, சாம்பல் என்றால் கவலை இல்லை. பிழை வந்தாலும் மறைத்துவிடலாம். உலோக நிறம் என்றால்தான் வம்பு! தவறான வெள்ளியைப் பூசிவிட்டால், ஒரு மாத உழைப்பும் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்டு அடித்தது போல ஆகிவிடும்.

இந்த விபத்தைத் தவிர்ப்பது எப்படி?

முதல் கேள்வி

கடைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக என்ன கேட்கிறார்கள்? "வெள்ளிப் பெயிண்டில் எது நல்லது?" என்று கேட்கிறார்கள்.

இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு. "அசல் விமானத்தில் அந்த இடம் எப்படி இருந்தது?" இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம், மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானம்.

இரண்டாவது உலகப் போரின்போது, பிரிட்டன் கேட்டதற்காக நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி இதைச் செய்தது. 1940 அக்டோபர் 26-ந் தேதி முதல் முறையாகப் பறந்தது. பின்னால் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின் பொருத்தப்பட்டதும் அதன் ஆற்றல் பெருகியது. 1944 மார்ச் மாதம், குண்டு வீசும் விமானங்களுக்குத் துணையாக பெர்லின் நகரம் வரை பறந்தது. மொத்தம் 15 ஆயிரத்துக்கும் அதிகமான மஸ்டாங்குகள் தயாராயின. மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு இன்றும் இது செல்லப் பிள்ளை.

போரின் தொடக்கத்தில், எதிரி கண்ணில் படாமல் இருக்க அமெரிக்க விமானங்களுக்குப் பச்சை வர்ணம் பூசினார்கள். 1944 தொடக்கத்தில் அந்தப் பழக்கம் நின்றது. வர்ணம் இல்லை என்றால் எடை குறையும். தொழிற்சாலையில் நேரமும் மிச்சம். ஆகவே விமானங்கள் அலுமினிய மேனியோடு வெளியே வந்தன.

"அப்படியானால் மஸ்டாங் முழுவதும் வெறும் அலுமினியம்தானே?" என்று கேட்பீர்கள்.

அதுதான் இல்லை!

பட்டி பார்த்த இறக்கை

மஸ்டாங்கின் உடம்பு வெறும் அலுமினியம். ஆனால் அதன் இறக்கை அப்படி அல்ல. இறக்கைக்கு வெள்ளிப் பெயிண்டு அடித்திருந்தார்கள்!

ஏன் தெரியுமா?

மஸ்டாங்கின் இறக்கை ஒரு தனி வடிவம் கொண்டது. காற்று அதன்மேல் சிக்கல் இல்லாமல், வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்போதுதான் வேகம் கிடைக்கும்; பெட்ரோலும் குறைவாகச் செலவாகும். ஒரு சிறிய ரிவெட்டுத் தலை துருத்திக்கொண்டு இருந்தாலும் போதும். தகடும் தகடும் சேரும் இடத்தில் ஒரு கோடு இருந்தாலும் போதும். காற்று தடுமாறிவிடும்.

ஆகவே தொழிற்சாலையில் இறக்கையின் முன்பகுதிக்குப் பட்டி பார்த்தார்கள். கதவுக்கும் காருக்கும் பட்டி பார்ப்பது போலத்தான். ரிவெட்டுகளையும் கோடுகளையும் பட்டி வைத்து அடைத்தார்கள். வழவழப்பாகத் தேய்த்தார்கள். பட்டி பார்த்த இடத்தை அப்படியே விடலாமா? மேலே அலுமினியத் தூள் கலந்த பெயிண்டை அடித்தார்கள்.

உடம்பு உலோகம், இறக்கை உலோக நிறப் பெயிண்டு. இரண்டும் வெள்ளி நிறம்தான். ஆனால் வெயிலில் நின்றால் வித்தியாசம் தெரியும். உடம்பில் ஒளி பாய்ந்து துள்ளும். இறக்கையில் ஒளி சமமாகப் பரவி அமைதியாக இருக்கும்.

இன்று வான்காட்சிகளில் பறக்கும் மஸ்டாங்குகள் பலவற்றில் இறக்கையும் கண்ணாடி போல் மின்னுகிறது. பின்னாளில் புதுப்பித்தவர்கள் பெயிண்டு அடிக்காமல் மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் 1944-ல் போருக்குப் போன விமானம் அப்படி இல்லை. வான்காட்சிப் படத்தைப் பார்த்து மாதிரி செய்கிறவர், தம்மை அறியாமலே தவறு செய்துவிடுகிறார்!

ஒரே விமானம், ஐந்து தோற்றம்

மஸ்டாங்கை இன்னும் உற்றுப் பார்த்தால், உலோகத் தோற்றம் ஐந்து விதமாக இருப்பது தெரியும்.

ஒன்று, உடம்பு. மெருகு உள்ள வெறும் அலுமினியம். இங்கேயும் எல்லாத் தகடுகளும் ஒரே நிறம் அல்ல. சில தகடு சற்றுக் கறுத்திருக்கும்; சில தகடு வெளுத்திருக்கும்.

இரண்டு, இறக்கை. வெள்ளிப் பெயிண்டு. மினுமினுப்புக் குறைவு, நிறம் சீராக இருக்கும்.

மூன்று, வாலில் திரும்பும் சுக்கான். இது உலோகமே அல்ல. துணி! துணியின்மேல் அலுமினியத் தூள் கலந்த பூச்சு. வெயில் பட்டுத் துணி இற்றுப் போகாமல் இருக்கவே இந்தப் பூச்சு. பளபளப்பு கூடாது, மங்கலாக இருக்க வேண்டும்.

நான்கு, சக்கரத்தைத் தாங்கும் காலில் உள்ளே போய் வெளியே வரும் தண்டு. மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரில் பார்த்திருப்பீர்கள். விமானத்திலேயே கண்ணாடி போல் மின்ன வேண்டிய இடம் இதுதான்.

ஐந்து, என்ஜினின் புகைக் குழாய்களும் துப்பாக்கி முனைகளும். புகைக் குழாய், நெருப்பில் வெந்து பழுப்பேறிய இரும்பு. துப்பாக்கி, நீலம் கலந்த கறுப்பு எஃகு.

முன்னால் சுழலும் விசிறி உலோகம்தான். ஆனால் அதற்கு உலோக நிறம் கூடாது. அசலில் கறுப்பு வர்ணம் அடித்து, முனையில் மஞ்சள் பூசியிருந்தார்கள். விமானிக்கு எதிரே மூக்கின் மேல்பக்கமும் மங்கலான பச்சை. வெயில் பட்டு விமானியின் கண் கூசாமல் இருக்க இந்த ஏற்பாடு.

இத்தனையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், "ஒரு புட்டி வெள்ளி கொடுங்கள்" என்று யாராவது கேட்பார்களா?

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

உலோகப் பெயிண்டு என்பது, நிறமில்லாத பசையில் அலுமினியச் செதில்கள் மிதப்பதுதான். பெயிண்டு காயும்போது செதில்கள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கின்றன. நன்றாகப் படுத்தால் உலோகம் போல் ஒளிரும். தாறுமாறாக நின்றால் சாம்பல் நிறமாகத் தெரியும்.

செதிலின் அளவும் முக்கியம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு செதில், ஒரு மில்லி மீட்டரில் 20-ல் ஒரு பங்கு இருக்கிறது என்று வையுங்கள். கண்ணுக்கு அது தூசி. ஆனால் மாதிரி விமானம் 48-ல் ஒரு பங்கு அல்லவா? அசல் விமானத்தில் அந்தத் தூசி ஏறக்குறைய இரண்டரை மில்லி மீட்டர் ஆகிவிடும். விமானம் முழுவதும் ஜிகினா தூவியது போல! எந்தப் போர் விமானத்துக்கு ஜிகினா தூவினார்கள்?

இதனால்தான் காருக்கும் கேட்டுக்கும் அடிக்கிற வெள்ளிப் பெயிண்டு மாதிரிக்கு ஒத்து வராது. செதில் எவ்வளவு சிறிதோ, அவ்வளவு நல்லது.

மூன்று வகைப் பெயிண்டு

கடையில் கிடைக்கும் உலோகப் பெயிண்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை இனாமல். எண்ணெய் சேர்ந்தது. மெதுவாகக் காயும். அதனால் பிரஷ் கோடுகள் தாமே சமனாக நேரம் கிடைக்கும். இங்கிலாந்தின் ஹம்ப்ரால் பெயிண்டு இந்த வகையில் பழைய பெயர். அதில் 11-ம் எண் வெள்ளி. 56-ம் எண் அலுமினியம். இரண்டுக்கும் தனி எண் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள்! சிறிய பாகங்களைப் பிரஷால் பூச இனாமல் நல்லது.

இரண்டாவது வகை அக்ரிலிக். வாசனை குறைவு. சீக்கிரம் காயும். இதில் தண்ணீரில் கரைவது ஸ்பெயின் நாட்டு வயேகோ பெயிண்டு. சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது ஏற்றது. டமியாவின் அக்ரிலிக்கில் ஸ்பிரிட்டு வாசனை உண்டு. அதில் எக்ஸ்-11 குரோம் வெள்ளி. எக்ஸ்எஃப்-16 மங்கல் அலுமினியம். எக்ஸ்-10 துப்பாக்கி எஃகு. மஸ்டாங்கின் துணிச் சுக்கானுக்கு மங்கல் அலுமினியம் பொருத்தம்.

மூன்றாவது வகை லாக்கர். காரமான தின்னரில் கரைந்தது. கண் மூடித் திறப்பதற்குள் காயும். மிக மெல்லியதாகப் படியும். செதில்களும் மிகச் சிறியவை. அல்கிளாட் 2 என்ற பெயிண்டு இந்த வகை. இந்தப் பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. விமானத் தகட்டில், வலுவான கலப்பு உலோகத்தின் இரண்டு பக்கமும் சுத்தமான அலுமினியத்தைப் படிய வைப்பார்கள். துரு அரிக்காமல் இருக்க அது கவசம். அந்தத் தகட்டுக்கு அல்கிளாட் என்று பெயர்.

வெறும் உலோகம் போல் காட்ட லாக்கருக்கு ஈடு இல்லை. மஸ்டாங்கின் உடம்புக்கு அதுதான். ஆனால் அதைப் பிரஷால் பூச முடியாது. காற்றால் தெளிக்கும் ஏர் பிரஷ் வேண்டும். காற்றழுத்தம் 12 முதல் 15 பவுண்டு போதும். சைக்கிள் டயருக்கு அடிப்பதைவிடக் குறைவு!

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இனாமலின் மேல் லாக்கரைத் தெளிக்காதீர்கள். லாக்கரின் காரம் தாங்காமல் அடியில் உள்ள இனாமல் சுருங்கிவிடும். ஒரு மாத உழைப்பு ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

கறுப்பின்மேல் வெள்ளி

வெள்ளி நன்றாக மின்ன வேண்டுமா? அடியில் கறுப்பு பூசுங்கள்!

விந்தையாக இருக்கிறதா? காரணம் எளிது. செதில்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் உண்டு. அந்தச் சந்து வழியாக உள்ளே போகும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடும். செதிலில் பட்ட ஒளி மட்டும் திரும்பி வரும். அதனால் மினுக்கு எடுப்பாகத் தெரியும். கறுப்பும் பளபளப்பான கறுப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் செதில்கள் பாய் விரித்தது போலப் படுக்கும்.

மஸ்டாங்கின் உடம்புக்குப் பளபளப்புக் கறுப்பு அடிப்பூச்சு. இறக்கைக்குச் சாம்பல் அடிப்பூச்சு போதும். ஒரே வெள்ளியைப் பூசினால்கூட, அடிப்பூச்சு மாறுவதால் இரண்டும் இரண்டு விதமாகத் தெரியும்.

வெள்ளி கோள் சொல்லும்!

பச்சை வர்ணம் நல்ல சிநேகிதன். சிறு கீறலை மறைத்துவிடும். வெள்ளி அப்படி அல்ல. கோள்மூட்டி! நீங்கள் மறந்துபோன கீறலையும், துடைக்காத விரல் ரேகையையும், சரியாக ஒட்டாத இணைப்பையும் ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

ஆகவே பூசுவதற்கு முன்னால் செய்யும் வேலையில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். இணைப்புகளைப் பட்டி வைத்து அடையுங்கள். உப்புத்தாளில் 1000-ம் நம்பர், பிறகு 2000, பிறகு இன்னும் நயமானது என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து வாருங்கள். கடைசியில் மெல்லிய துணியால் மெருகேற்றுங்கள். அதன்பின் வெறும் விரலால் தொடாதீர்கள்.

பெயிண்டுப் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். அலுமினியம் அடியில் தங்கிவிடும். ஒரே தடவையில் கனமாகப் பூசாதீர்கள். மெல்லிய பூச்சாக மூன்று, நான்கு தடவை தெளியுங்கள். பிரஷால் பூசினால், தட்டையான மெல்லிய பிரஷை எடுத்து ஒரே திசையில் இழுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள்.

சில தகடுகளை மட்டும் வேறு நிறமாகக் காட்ட, மற்ற இடத்தை மாஸ்கிங் டேப்பால் மறைத்துப் பூசலாம். டேப்பை ஒட்டுவதற்கு முன், புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுங்கள். பசை குறையும். இல்லாவிட்டால் டேப்போடு வெள்ளியும் உரிந்து வந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் மேலே வார்னிஷ் பூசிப் பாதுகாக்க ஆசை வரும். உடம்பில் வேண்டாம்! வார்னிஷ் பட்டால் உலோக ஒளி மங்கும். இறக்கையில் பூசலாம், அது அசலிலும் பெயிண்டுதானே!

பைசா செலவில்லாத வழி

துப்பாக்கி முனைக்குத் தனிப் பெயிண்டு வாங்க வேண்டியதில்லை. மங்கல் கறுப்பு பூசிக் காய வையுங்கள். பென்சில் முனையைத் தூளாக்கி விரலால் தேயுங்கள். கறுப்பு எஃகு தயார்!

சக்கரக் காலின் தண்டுக்கு, உணவு சுற்றும் மெல்லிய அலுமினியத் தாளில் ஒரு சிறு துண்டை ஒட்டினாலும் போதும். உலோகமே உலோகமாகத் தெரியும்.

கரண்டிப் பரீட்சை

எந்தப் பெயிண்டையும் முதலில் விமானத்தில் பூசாதீர்கள். ஐஸ்கிரீம் சாப்பிடும் பிளாஸ்டிக் கரண்டி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குக் கறுப்பு, ஒன்றுக்குச் சாம்பல், ஒன்றுக்கு வெள்ளை அடிப்பூச்சு கொடுங்கள். மூன்றின் மேலும் ஒரே உலோகப் பெயிண்டைப் பூசுங்கள்.

காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே புட்டி, மூன்று உலோகம்! கரண்டியின் பின்னால் பெயிண்டின் பெயரை எழுதி வையுங்கள். அடுத்த விமானத்துக்கும் உதவும். கெட்டுப் போனால் கரண்டிதான் போகும்.

மூக்கு ஜாக்கிரதை!

லாக்கரும் தின்னரும் விளையாட்டுச் சாமான் அல்ல. அவற்றின் ஆவி தலைவலி தரும், மயக்கம் தரும், நாளடைவில் உடம்பைக் கெடுக்கும். நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும்.

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆவியை வடிகட்டும் கரி வைத்த முகமூடி அணியுங்கள். சாதாரணத் துணி முகமூடி தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. குழந்தை தவழும் அறையில் வேண்டவே வேண்டாம். சிறுவர்கள் ஆசைப்பட்டால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைக் கொடுங்கள். மினுக்குச் சற்றுக் குறையலாம். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சின்ன விமானம் சொல்லும் உண்மை

போருக்குப் போன மஸ்டாங்குகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. வானத்தில் வெடித்துச் சிதறியவை உண்டு. போர் முடிந்ததும் பழைய உலோகமாக உருக்கப்பட்டவை உண்டு. மிஞ்சியவற்றிலும் பல, மெருகேறி உருமாறிவிட்டன.

தொழிற்சாலையில் யாரோ ஒருவர் ஒவ்வொரு ரிவெட்டாகப் பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்டு அடித்தார். அந்த இறக்கையை நம்பி ஓர் இளைஞன் பெர்லின் வரை பறந்தான். அசல் இறக்கையில் அந்த உழைப்பின் சுவடு மறைந்துவிட்டது. ஆனால் மேஜைமேல் இருக்கும் 9 அங்குல விமானத்தில் அதைக் காட்ட முடியும்.

உடம்புக்கு ஒரு வெள்ளி. இறக்கைக்கு ஒரு வெள்ளி. அவ்வளவுதான்.

"ஏன் இரண்டும் இரண்டு மாதிரி இருக்கிறது?" என்று வீட்டுக்கு வந்தவர் கேட்பார். அப்போது அந்தக் கதையைச் சொல்லுங்கள்!